ஹாஸ்டலில் ஜுரம் வந்தால் யார் பார்ப்பது?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக்கு இரண்டு விருந்தாளிகள் தவறாமல் வந்துவிடுவார்கள். ஒன்று மழை. இன்னொன்று ஜுரம். முதல் விருந்தாளி வந்தால் கொளவாய் ஏரி நிரம்பும், செங்கல்பட்டே சந்தோஷப்படும். இரண்டாவது விருந்தாளி வந்தால் டாக்டர் வீட்டு வாசல் நிரம்பும்.

பழைய வாசகிகளுக்குத் தெரியும், நான் குடியிருப்பது ஒரு கல்லூரி வளாகத்துக்குள்ளே. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே லேப் உதவியாளர். "பத்தாவதோடு நின்றவள் பதினாறு வருஷமாகக் காலேஜிலேயே இருக்கிறாள்" என்று என் தங்கை கேலி செய்வாள். பன்னிரண்டு க்வார்ட்டர்ஸ், இரண்டு ஹாஸ்டல், ஒரு மெஸ், ஒரு கான்டீன். இவ்வளவுதான் எங்கள் ஊர். ஒருத்தர் தும்மினால் ஊரே தும்மும்!

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "பெண்ணை முதல் முறையாகக் கோவையில் ஹாஸ்டலில் விட்டிருக்கிறேன். ஜுரம் என்று போன் வந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நீங்கள் கல்லூரிக்குள்ளேயே இருப்பவர், எழுதுங்களேன்" என்கிறார். இந்த இதழில் அதைப் பற்றியே பேசலாம். வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

சளியா, ஃப்ளூவா?

சாதாரண ஜலதோஷம் மெள்ள மெள்ள வரும். இன்று மூக்கு, நாளை தொண்டை என்று சொல்லிக்கொண்டு வரும். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் சிரித்துக்கொண்டு கிளாசுக்குப் போன பிள்ளை, சாயங்காலம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். ஜுரம் 101, 103 என்று ஏறும். உடம்பு முழுக்க அடித்துப் போட்டமாதிரி வலி, தலைவலி, வறட்டு இருமல். ஜுரம் மூன்று நாலு நாளில் இறங்கும். இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட நிற்கும்.

இந்த ஜுரத்துக்கும் எங்கள் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. 1957-ஆம் வருஷம் மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில்தான் 'ஆசிய ஃப்ளூ' நம் நாட்டில் வந்து இறங்கியது. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தொடங்கியதும் அதே 1957-இல்தான். பிறகு 2009-இல் 'பன்றிக் காய்ச்சல்' என்று உலகமே நடுங்கிய ஹெச்1என்1 வந்தது. அந்தக் கிருமி எங்கேயும் போய்விடவில்லை. இப்போது வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று. 2023-ஆம் வருஷம் மார்ச்சில் ஹெச்3என்2 என்ற இன்னொரு வகை பரவியபோது, தமிழக அரசு மார்ச் 10-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது பலருக்கு நினைவிருக்கும்.

ஹாஸ்டலில் ஏன் இத்தனை வேகம்?

1978-இல் இங்கிலாந்தில் ஓர் உறைவிடப் பள்ளி. 763 பையன்கள். விடுமுறைக்கு ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு பையன் ஜுரத்தோடு வந்தான். இரண்டு வாரத்துக்குள் 512 பேர் படுத்துவிட்டார்கள்! மூன்றில் இரண்டு பங்கு. டாக்டர்கள் இன்றைக்கும் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு இது.

காரணம் என்னவென்றால், ஃப்ளூ வந்தவர் ஜுரம் தெரிவதற்கு முந்தின நாளிலிருந்தே மற்றவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அதற்கப்புறம் ஐந்தாறு நாள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரே அறையில் மூன்று கட்டில், மழைக்காக மூடின ஜன்னல், ஒரே மெஸ்ஸில் தோளோடு தோள் இடிக்கும் வரிசை. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? கொரோனா காலத்திலும் இதையே பார்த்தோம். 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று வந்தபோது, எல்லோரும் ஒரே மெஸ்ஸில் கூடியதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அப்புறம் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி அறைக்கே அனுப்பினார்கள்.

கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும். பதினாறு வருஷமாக நான் பார்ப்பது வேறொன்று. வீட்டில் ஜுரம் வந்தால் பிள்ளை முதலில் அம்மாவிடம் சொல்லும். ஹாஸ்டலில் வந்தால் மறைக்கும்! அட்டெண்டன்ஸ் போய்விடும், இன்டர்னல் பரீட்சை இருக்கிறது, வார்டன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார், அம்மா அழுவாள், பஸ் செலவு... இப்படி ஆயிரம் காரணம். ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அதுதான் ஆபத்து.

மூன்றாவது மாடிப் பெண்

சில வருஷம் முன்பு, தீபாவளி லீவு சமயம். பெண்கள் ஹாஸ்டல் பாதி காலி. பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா என் வீட்டு வாசலில் நின்று, "மூணாவது மாடியில ஒரு பொண்ணு ரெண்டு நாளா கதவே தொறக்கல, கண்ணு. கூப்பிட்டா 'ம்'ங்குது, அவ்வளவுதான்" என்றார். வார்டன் அம்மாவுக்குப் போன் செய்து, மூன்று பேரும் மாடி ஏறினோம்.

தருமபுரி பக்கத்துக் கிராமத்துப் பெண். அறைத் தோழிகள் இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். லீவு முடிந்ததும் பரீட்சை என்று இவள் மட்டும் தங்கிவிட்டாள். கையைத் தொட்டால் அனல். தெர்மாமீட்டர் 103 காட்டியது. தலைமாட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட், அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்த பாட்டில், யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் வாங்கின ஆன்டிபயாடிக் அட்டை. "கடைசியா எப்போம்மா யூரின் போனே?" என்று கேட்டேன். "காலைலேர்ந்து போகலை, ஆன்ட்டி" என்றாள். அப்போது மணி நாலு. எழுந்து நின்றால் தலை சுற்றியது.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். பரிசோதித்துவிட்டு, ஃப்ளூ மாதிரி இருக்கிறது, டெங்கு இல்லையென்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம் என்றார். டெங்கு இல்லை. ஆன்டிபயாடிக் தேவையில்லை, ஃப்ளூ கிருமியை அது ஒன்றும் செய்யாது, பாரசிட்டமாலும் தண்ணீரும் ஓய்வும் போதும் என்றார். "ஆனால் யாராவது கூட இருந்து பார்க்கணும்" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வார்டன் அம்மா அவளைக் கீழ்த்தளத்தில் காற்றோட்டமான தனி அறைக்கு மாற்றினார். க்வார்ட்டர்ஸ் பெண்கள் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளை. போகிறவர் மாஸ்க் போட்டுக்கொண்டு போவது, ஜன்னலைத் திறப்பது, ஜுரம் பார்ப்பது, கஞ்சி குடிக்க வைப்பது, எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் நேரம் போட்டு எழுதுவது. நாலாவது நாள் ஜுரம் இறங்கியது. பெண் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள். எல்லோருக்கும் நிம்மதி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போனவர் பக்கத்து வீட்டு இளம் பெண். நோட்டைப் பார்த்திருக்கிறாள். முந்தின நாள் 98.6. இப்போது 102. "நேத்து இறங்கின ஜுரம் மறுபடி ஏறியிருக்கு, அக்கா. பேசும்போது மூச்சு வாங்குறா" என்று ஓடி வந்தாள். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினோம். 91. அடுத்த நிமிஷம் 108-க்குப் போன். ராத்திரி எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த நிமோனியா! எட்டு நாள் இருந்து பிழைத்து வந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

அவள் அம்மா மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது மறக்கவில்லை. "தினம் ரெண்டு வேளை போன் பண்ணினேன், அக்கா. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டேன். 'சாப்பிட்டேம்மா'ன்னு சொன்னா. வேற என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியலையே!"

சகோதரிகளே, அந்தத் தாயின் கேள்விக்குப் பதிலாகத்தான் மேலே எழுதுகிறேன். ஃப்ளூவில் பெரும்பாலோருக்குப் பெரிய மருந்து எதுவும் வேண்டாம். கண் வைத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஜுரக்காரரைப் பூட்டின அறையில் தனியாக விடக்கூடாது.

யாருக்கு எங்கே வைத்தியம்?

நம் மத்திய சுகாதாரத் துறை ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. மனதில் வைத்துக்கொள்வது சுலபம்.

'ஏ' என்றால் லேசான ஜுரம், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. பரிசோதனையும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். அறையிலேயே ஓய்வு. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

'பி' என்றால் கடும் ஜுரத்தோடு தொண்டை வலியும் அதிகம் உள்ளவர்கள். அதோடு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்கு லேசான ஜுரமானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 'ஓசல்டாமிவிர்' என்ற மாத்திரையை அவர் எழுதிக் கொடுக்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதற்கு முழுப் பலன். அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

'சி' என்றால் மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், மயக்கம் அல்லது பிதற்றல், உதடும் நகமும் நீலம் பாய்தல். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலும் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறங்கின ஜுரம் மறுபடி ஏறினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதோடு மூச்சும் வாங்கினால் 'சி'யேதான்.

சந்தேகம் கேட்க 104, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஜாக்கிரதை

மழைக்காலத்தில் ஃப்ளூவோடு டெங்குவும் சுற்றும். முதல் இரண்டு நாள் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆகையால் டாக்டர் டெங்கு இல்லை என்று சொல்லும்வரை ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. டெங்குவாக இருந்தால், ஜுரம் விடும் நாளில்தான் ஆபத்து ஆரம்பம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இவை தெரிந்தால் உடனே ஓடுங்கள்.

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் பெரியவர்களுக்கு ஆறு மணிக்கு ஒரு தடவை. நாளைக்கு நாலுக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கடையில் விற்கும் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு கூடி ஈரல் கெடும். அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு எடை பார்த்து டாக்டர் சொன்ன அளவுதான். அக்கா பிள்ளைக்குக் கொடுத்த பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள்.

நிலவேம்புக் கஷாயம் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். குடிப்பவர்கள் குடிக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். கஷாயம் குடித்தாயிற்று என்று டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் தப்பு. ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தைக் கட்டில்மேல் வைக்கவே கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதனால் வெந்துபோன கதைகள் ஏராளம்.

ஜுரக் கஞ்சி

நொய் ஒரு கைப்பிடி, வாசனை வர வறுத்த பாசிப்பருப்பு அரைக் கைப்பிடி, சீரகம் கால் ஸ்பூன், பூண்டு நாலு பல். தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, கரண்டியால் மசித்து பிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு. நாக்கு கசந்து கிடக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு துண்டு போதும், கஞ்சி இறங்கிவிடும். சாப்பாடு இறங்காவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் இறங்க வேண்டும். இளநீர், மோர், ரசத் தெளிவு எதுவானாலும் சரி. வயிற்றுப்போக்கோ வாந்தியோ சேர்ந்துகொண்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரைத்துக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. யூரின் வெளிறின நிறத்தில் அடிக்கடி போனால் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

பக்கத்து வீட்டுப் பெண் என்று சொன்னேனே, அவளுக்கு அப்போது எட்டு மாதக் குழந்தை. பிறகு ஒரு தடவை அவளுக்கே ஃப்ளூ வந்தது. மாமியார், "பால் கொடுக்காதே, குழந்தைக்கும் ஒட்டிக்கும்" என்றாராம். அப்படி இல்லை, சகோதரிகளே. ஃப்ளூ தாய்ப்பால் வழியாகப் போவதில்லை. இருமல் தும்மல் வழியாகத்தான் போகும். தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பாலோடு குழந்தைக்குப் போகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம். முடியாத அளவு அசதியானால் பீய்ச்சி, வேறொருவர் பாலாடையில் புகட்டட்டும்.

குழந்தைக்கே வந்துவிட்டால், அது தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்த ஜுரமானாலும் காத்திருக்க வேண்டாம். இருமலுக்குத் தேன் தடவுவது ஒரு வயது முடிந்த பிறகுதான்.

பெட்டியில் என்ன வைப்பது?

ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைக்கு முறுக்கும் அதிரசமும் கட்டும்போதே ஒரு சின்ன டப்பாவும் கட்டுங்கள். தெர்மாமீட்டர், பாரசிட்டமால் ஓர் அட்டை, ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், மாஸ்க் பத்து, ஒரு பிளாஸ்க், தனி டம்ளர், ரத்த வகையும் ஒவ்வாத மருந்தின் பெயரும் எழுதின சீட்டு. ஆஸ்துமா இருந்தால் அந்த மருந்தும் கட்டாயம்.

ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதக் குழந்தையிலிருந்து எல்லோருக்கும் போடலாம். கர்ப்பிணிகளுக்கும் போடலாம், பிறக்கும் குழந்தைக்கும் அது காவல். கிருமி வருஷா வருஷம் உருமாறுவதால் ஊசியும் வருஷா வருஷம். பலன் வர இரண்டு வாரம் ஆகும். நம் பக்கத்தில் மழையோடு ஜுரமும் சேர்ந்து வருவதால் புரட்டாசியிலேயே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஜுரம் வந்த பிள்ளை, பாரசிட்டமால் போடாமலே ஒரு முழு நாள் ஜுரம் இல்லாமல் இருந்த பிறகுதான் வகுப்புக்குப் போகலாம். அட்டெண்டன்ஸ் பயத்துக்கு மருந்து டாக்டர் சர்டிபிகேட். அதை முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

போனில் என்ன கேட்பது?

"சாப்பிட்டியா?" என்று கேட்பதை விட முடியாது, நாமெல்லாம் அம்மாக்கள்! அதோடு இந்த நாலையும் கேளுங்கள். "தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது?" "கடைசியா எப்போ யூரின் போனே?" "ஒரு வாக்கியம் மூச்சு வாங்காம சொல்லு பார்க்கலாம்." "இப்போ பக்கத்துல யார் இருக்கா?" கடைசிக் கேள்விக்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால், உடனே வார்டனைக் கூப்பிடுங்கள். சங்கோஜப்படாதீர்கள்.

கூடுவாஞ்சேரிச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி பெண்ணோடு பேசும்போது, அறைத் தோழியின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உங்கள் நம்பரையும் கொடுங்கள். என்னைப் போலக் கல்லூரிகளுக்குள்ளும் பக்கத்திலும் குடியிருக்கும் சகோதரிகளே, இந்த மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு அடுப்பில் கஞ்சி வைக்கும்போது ஒரு பிடி நொய் கூடவே போடுங்கள். யாராவது கதவைத் திறக்கவில்லை என்று ஆயாம்மா வந்து சொன்னால், பிளாஸ்கோடு மாடி ஏற வேண்டியிருக்கும்.